எம்சிஓபி (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) பழக வர்ற ஜூனியருக்கு: கேஸ்ல பாதி வேலை கோர்ட்டுக்கு வெளியவே முடிஞ்சிடும்

ஒரு பரோட்டா மாஸ்டர், 34 வயசு. ராத்திரி கடையை மூடிட்டு டூவீலர்ல வீட்டுக்குப் போறப்ப லாரி இடிச்சிடுச்சு, வலது மணிக்கட்டு நொறுங்கி உள்ள பிளேட் வச்சிருக்காங்க. மெடிக்கல் போர்டு 20 சதவீதம் ஊனம்னு எழுதிக் குடுத்தாச்சு. இப்ப சொல்லுங்க, ஊனத்துக்குன்னு மட்டும் எவ்வளவு வாங்கலாம்?

புதுசா வர்ற பசங்க டக்குனு சொல்ற பதில் ஒரு லட்சம். நம்ம பக்கத்து ட்ரிப்யூனல்கள்ல (விபத்து இழப்பீட்டு கோர்ட்) ஒரு சதவீதத்துக்கு மூவாயிரம், அஞ்சாயிரம்னு போடுற பழக்கம் ரொம்ப நாளா இருக்கு, 5,000-னே வச்சாலும் இருபதுக்கு ஒரு லட்சம்தான். கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க மல்டிப்ளையர் (வயசுக்கு ஏத்தபடி வருஷ வருமானத்தைப் பெருக்கற எண்) போட்டுக் கேப்பாங்க. மாசம் 15,000 சம்பளம், 40 வயசுக்குள்ள இருக்கிறதால வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேத்தா 21,000, வருஷத்துக்கு 2,52,000, அந்த வயசுக்கு மல்டிப்ளையர் 16, ஆக மொத்தம் 40,32,000, அதுல 20 சதவீதம்னா 8,06,400. மூணாவதா ஒரு வக்கீல் இருக்கார், அவர் ஓட்டல் முதலாளியைக் கூண்டுல ஏத்தி, மாவு பிசையறது, வீசறது, கல்லுல திருப்பறது, அடுக்கி வச்சு தட்டறது எல்லாமே அந்த வலது மணிக்கட்டை வச்சுத்தான், இப்ப இவரை நான் டேபிள் துடைக்க வச்சிருக்கேன், பாதிச் சம்பளம்தான் குடுக்கறேன்னு சொல்ல வைக்கிறார். வேலையைப் பொறுத்தவரைக்கும் 50 சதவீதம் போச்சுன்னு ஜட்ஜ் எடுத்துக்கிட்டா 20,16,000.

கை அதே கை, சர்டிபிகேட்டும் அதேதான். ஒரு லட்சத்துக்கும் இருபது லட்சத்துக்கும் நடுவுல இருக்கிறது ஒரே ஒரு சாட்சி. இதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப் போறேன், மத்தது எல்லாம் இதுக்கு வழி.

நான் க்ளெய்மன்ட் பக்கம், அதாவது இழப்பீடு கேக்கறவர் பக்கம் மட்டும்தான் ஆஜராகறவன், இன்சூரன்ஸ் பேனல்ல எப்பவும் இருந்ததில்ல, அதனால என் பேச்சு ஒரு பக்கம் சாயும், அதைக் கழிச்சுக்கிட்டுப் படிங்க.

முதல் வாரம்: பேப்பர் வேட்டை

கேஸ் உங்ககிட்ட வர்றப்ப பெரும்பாலும் அடிபட்ட பார்ட்டி வரமாட்டார், மச்சானோ சித்தப்பாவோதான் வருவாங்க, கையில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள மாத்திரைச் சீட்டுல இருந்து எக்ஸ்ரே வரைக்கும் கலந்து கிடக்கும். எதையும் தூக்கிப் போடச் சொல்லாதீங்க. ஒவ்வொரு பில்லும் தேதி வாரியா அடுக்கி, மங்கிப் போற பிரிண்ட்டா இருந்தா அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்து வச்சிடுங்க, மூணு வருஷம் கழிச்சு கோர்ட்ல ஆதாரமா மார்க் பண்றப்ப வெறும் வெள்ளைப் பேப்பரை நீட்டுன அனுபவம் எனக்கு இருக்கு.

முதல்ல பாக்க வேண்டியது எஃப்ஐஆர் இல்ல. ஏஆர் காப்பி. அடிபட்டவரை முதல்ல எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களோ அங்க கேசுவாலிட்டி டாக்டர் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல நாலு வரி எழுதுவார், எப்படி அடிபட்டது, எங்க, எத்தனை மணிக்கு, யார் கூட்டிட்டு வந்தாங்கன்னு. அந்த நாலு வரிதான் உங்க கேஸோட ஜாதகம். கூட வந்தவன் பதட்டத்துல "பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க"ன்னு சொல்லியிருப்பான், லாரி இடிச்சதால விழுந்தார்ங்கறதைச் சொல்லியிருக்க மாட்டான், டாக்டர் தானா விழுந்ததா எழுதிடுவார். பத்து நாள் கழிச்சு எஃப்ஐஆர்ல லாரி வரும். இன்சூரன்ஸ் வக்கீலுக்கு இது ஒண்ணு போதும், வண்டியைப் பிற்பாடு செட் பண்ணிட்டாங்கன்னு அடிச்சிடுவார். அந்த மாதிரி ஏஆர் வந்தா ஒளிக்கப் பாக்காதீங்க, அவங்க எப்படியும் சம்மன் போட்டு எடுப்பாங்க. கூட வந்தவரை யாருன்னு கண்டுபிடிச்சு, என்ன சொன்னார், ஏன் அப்படிச் சொன்னார்னு சாட்சியா போட முடியுமான்னு பாருங்க. அதே ரெஜிஸ்டர்ல சாராய வாடைன்னு ஒரு வார்த்தை இருக்கான்னும் பாத்துக்கங்க, இருந்தா அதுக்கும் பதில் தயார் பண்ணிக்கணும்.

அடுத்தது போலீஸ் பேப்பர். எஃப்ஐஆர், ரஃப் ஸ்கெட்ச், பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பாத்து எழுதினது), எம்விஐ (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட், சார்ஜ் ஷீட். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்துலயே பணம் கட்டி விபத்து கேஸ் பேப்பரை எடுத்துக்கலாம், ஸ்டேஷன் வாசல்ல தவம் கிடக்கற காலம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. இதுல புதுப் பசங்க ரஃப் ஸ்கெட்ச்சைத் திருப்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. அதுலதான் லாரி எந்தப் பக்கம் ஏறி வந்துச்சு, சென்டர் மீடியன் இருக்கா, பைக் எவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போச்சுன்னு தெரியும். எம்விஐ ரிப்போர்ட்ல லாரியோட இடது முன் பம்பர்ல டேமேஜ், பைக்ல பின் சக்கரம் வளைஞ்சிருக்குன்னு இருந்தா பின்னாடி இருந்து இடிச்சிருக்கான்னு யாரும் சொல்லாமலே தெரிஞ்சிடும். 2024 ஜூலை 1-க்கு அப்புறம் நடந்ததுன்னா ஐபிசி 279, 338, 304-ஏ-க்கு பதிலா புதுச் சட்டமான பிஎன்எஸ் 281, 125, 106 இருக்கும், பெட்டிஷன்ல பழைய பிரிவைக் காப்பி அடிச்சு வச்சுடாதீங்க.

இன்னொண்ணு, 2022 ஏப்ரல்ல இருந்து போலீஸே 48 மணி நேரத்துக்குள்ள முதல் விபத்து அறிக்கையை ட்ரிப்யூனலுக்கு அனுப்பணும், 90 நாள்ல விரிவான அறிக்கை அனுப்பணும்னு விதி இருக்கு, சுப்ரீம் கோர்ட்டும் 2022 டிசம்பர்ல கோஹர் முகமது கேஸ்ல இதைக் கறாரா நடத்தச் சொல்லிடுச்சு. போலீஸ் அனுப்பிக்குவாங்கன்னு நீங்க சும்மா இருந்துடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 166(3)-ல ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு அதே 2022-ல கொண்டு வந்துட்டாங்க. அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்ல கேஸ் இருக்கு, அதை நம்பி உங்க பார்ட்டியைப் பணயம் வைக்காதீங்க. டைரியில சிவப்புல எழுதி வைங்க.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு பரிவாகன் ஆப்ல பாத்துடலாம். ஆனா தேதி மட்டும் பாத்தா பத்தாது, மணியும் பாக்கணும். காலைல ஆக்சிடென்ட் பண்ணிட்டு மத்தியானம் பாலிசி போட்டவங்க இருக்காங்க. யார் என்ன பாலிசி எடுத்திருக்காங்கன்னும் பாருங்க, வெறும் ஆக்ட் பாலிசி (சட்டப்படி கட்டாயமான அளவுக்கு மட்டும் எடுக்கறது)ன்னா பின்னாடி உக்காந்து வந்தவருக்குச் சிக்கல் வரும். கல்யாண வீட்டுக்கு லோடு வண்டியில ஏறிப் போன கூட்டம் கவுந்தா இன்னும் சிக்கல், சரக்கு வண்டியில சும்மா ஏறிப் போறவங்களுக்கு இன்சூரன்ஸ் பொறுப்பு இல்லைன்னு ஆஷா ராணி கேஸ்லயே 2002-ல சொல்லியாச்சு. இதை பார்ட்டிகிட்ட முதல் நாளே சொல்லிடுங்க, ரெண்டு வருஷம் அலைய வச்சுட்டு சொல்லாதீங்க.

இடிச்ச வண்டியே தெரியலையா? அப்ப எம்சிஓபி போட்டு பிரயோஜனம் இல்ல, 161-ம் பிரிவுல வருவாய்த்துறை வழியா விண்ணப்பிக்கணும், இறந்திருந்தா 2 லட்சம், பலத்த காயம்னா 50,000. வண்டி தெரியும், ஆனா தப்பு யார்மேலன்னு நிரூபிக்க வழியே இல்லைன்னா 164 இருக்கு, இறப்புக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம், கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்ல. ஆனா அதை வாங்கிட்டா 166 மனு, அதாவது எம்சிஓபி, போயிடும். அவசரத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்கறவங்களுக்கு அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

ரெண்டாவது: வீட்டுக்குப் போங்க

இதை எந்த சீனியரும் சொல்லித் தரல எனக்கு. ஆபீஸ்ல உக்காந்து "என்ன வேலை பாத்தீங்க?"ன்னு கேட்டா "கூலி சார்"னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க. அந்த ஒரு வார்த்தையை அப்படியே பெட்டிஷன்ல அடிச்சா, ட்ரிப்யூனல் ஒரு கற்பனை வருமானம் போடும், அவ்வளவுதான். வீட்டுக்குப் போனா தெரியும், கூலின்னா சென்ட்ரிங் கம்பி கட்டறவர், அவருக்குக் கீழ மூணு பேர் வேலை செய்யறாங்க, மேஸ்திரி கணக்கு நோட்டு ஒண்ணு இருக்கு, சனிக்கிழமை சனிக்கிழமை ஜிபேல கூலி வந்திருக்கு, அந்த பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்தா ஒரு வருஷ வருமானம் பளிச்சுனு நிக்கும். 2014-ல சையத் சாதிக் கேஸ்ல காய்கறி விக்கிறவருக்கு எந்த ரசீதும் இல்லாமலே மாசம் 6,500 எடுத்துக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, ஆனா அது விபத்து நடந்த அந்தக் காலத்து விலைவாசிக்கு. ஆதாரம் இருந்தா அதைத் தாண்டிக் கேக்கலாம், ஆதாரம் வீட்லதான் கிடக்கும்.

வீட்டுக்குப் போறப்ப இன்னும் சிலது கண்ணுல படும். இந்தியன் கக்கூஸ் உக்கார முடியாம பிளாஸ்டிக் சேர்ல ஓட்டை போட்டு வச்சிருப்பாங்க. சட்டை பட்டன் போட பொண்டாட்டி வரணும். தலைவாரி விட பொண்ணு வரணும். மாடிப்படி ஏற முடியாம கீழ வராந்தாவுல கட்டில் போட்டிருப்பாங்க. இதை எல்லாம் போட்டோ எடுத்து, ப்ரூஃப் அஃபிடவிட்ல (சாட்சியோட எழுத்து வாக்குமூலம்) சாதாரண வார்த்தைல எழுதுங்க. "மனுதாரர் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி"ன்னு எல்லா அஃபிடவிட்லயும் ஒரே வரி இருக்கும், ஜட்ஜ் படிக்காம தாண்டிடுவாங்க. "வலது கையால சோறு பிசைஞ்சு வாய்க்குக் கொண்டு போக முடியல, ஸ்பூன்ல இடது கையால சாப்பிடுறேன்"னு எழுதிப் பாருங்க, அதைத் தாண்ட மாட்டாங்க.

2010-ல ராஜ் குமார் கேஸ்ல சொன்னது இதைத்தான். உடம்புல எத்தனை சதவீதம் ஊனம்ங்கறது டாக்டர் சொல்றது, சம்பாதிக்கிற திறன்ல எத்தனை சதவீதம் போச்சுங்கறது ட்ரிப்யூனல் முடிவு பண்றது, ரெண்டும் ஒண்ணு கிடையாது. கை போன டிரைவர், தச்சர் ஒரு கணக்கு, அதே கை போன கவர்மென்ட் கிளார்க் இன்னொரு கணக்கு. இந்த தீர்ப்பை சைட்டேஷனா நீட்டறவங்க நிறைய பேர், அதுக்குத் தேவையான சாட்சியைப் போடறவங்க கம்மி. தீர்ப்பு பாத்திரம் மாதிரி, உள்ள போட சரக்கு நீங்கதான் கொண்டு வரணும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயோ, முதல் 48 மணி நேரம் இலவசமா பாக்கற இன்னுயிர் காப்போம் திட்டத்துலயோ ஆபரேஷன் நடந்திருந்தா பார்ட்டி கையில பில் இருக்காது. பில் இல்லாததால காயம் சின்னதுன்னு ஆயிடாது, டிஸ்சார்ஜ் சம்மரியையும் கேஸ் ஷீட்டையும் வரவழைச்சு எத்தனை நாள் படுக்கைல இருந்தார், எத்தனை ஆபரேஷன்னு காட்டுங்க. கூட இருந்து பாத்த செலவு, சத்தான சாப்பாடு, ஆட்டோ செலவு, பிளேட் எடுக்கற அடுத்த ஆபரேஷன், எல்லாத்துக்கும் தனித்தனித் தலைப்பு இருக்கு. படுத்த படுக்கையா போனவங்களுக்கு ஆள் வச்சுப் பாத்துக்கற செலவையும் மல்டிப்ளையர் போட்டே கேக்கலாம், 2020-ல காஜல் கேஸ்ல அப்படித்தான் குடுத்தாங்க.

இறப்பு கேஸ்

இதுல கணக்கு பெருசா சண்டை இல்ல, சர்லா வர்மா 2009-லயும் பிரணய் சேத்தி 2017-லயும் வழி போட்டுக் குடுத்தாச்சு. சொந்தச் செலவுக்குக் கழிக்கறது, கல்யாணம் ஆகாதவர்னா பாதி, ரெண்டு மூணு பேர் நம்பி இருந்தா மூணுல ஒரு பங்கு, நாலுல இருந்து ஆறு பேர்னா நாலுல ஒரு பங்கு. மல்டிப்ளையர் 15 வயசுல இருந்து 25 வரைக்கும் 18, அப்புறம் படிப்படியா இறங்கி 65-ஐத் தாண்டினா 5. பையன் இறந்து அம்மா கேஸ் போட்டா அம்மா வயசை வச்சு மல்டிப்ளையர் போடணும்னு இன்னும் சில பேர் வாதாடுவாங்க, விட்டுடாதீங்க, இறந்தவர் வயசுதான் கணக்கு. காயம் கேஸ்ல சொந்தச் செலவுன்னு எதையும் கழிக்கவே கூடாது, ஆளு உயிரோட இருக்கார், சாப்பிடுறார், அங்க போய் மூணுல ஒண்ணு கழிச்சு பெட்டிஷன் போட்ட ஜூனியரை நானே பாத்திருக்கேன் (என் ஜூனியர்தான், வேற யாரும் இல்ல).

சண்டை வீட்டுக்குள்ளதான். பதினாறாம் நாள் காரியம் முடியறதுக்குள்ள மருமகளுக்கும் மாமியாருக்கும் பேச்சு நின்னு போயிருக்கும், ஒருத்தரை விட்டுட்டு இன்னொருத்தர் உங்ககிட்ட வருவாங்க. மனைவி, பிள்ளைங்க, அம்மா எல்லாரையும் மனுதாரரா சேருங்க, சேர மாட்டேன்னா எதிர்மனுதாரரா காட்டுங்க, மறைக்காதீங்க. ரெண்டு தரப்புக்கும் நானே பாத்துக்கறேன்னு இழுத்துப் போட்டுக்காதீங்க. பங்கு பிரிக்கற அன்னைக்கு ரெண்டு பேரும் உங்களைத்தான் திட்டுவாங்க. சின்னப் பிள்ளைங்க பங்கு 18 வயசு வரைக்கும் பேங்க்ல டெபாசிட்டா இருக்கும், இதையும் முன்னாடியே சொல்லி வைங்க.

கூண்டு

லாரி ஓனர் வரமாட்டார், எக்ஸ்பார்ட்டி ஆயிடுவார். இன்சூரன்ஸ் மட்டும்தான் கவுன்டர் (பதில் மனு) போடும், கவுன்டர்ல வயசு தப்பு, வருமானம் தப்பு, விபத்தே நடக்கலைன்னு எல்லாம் இருக்கும், பயப்படாதீங்க, அது அச்சடிச்ச கவுன்டர். கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டியதில்ல, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகமோ அது போதும், பிம்லா தேவி கேஸ்ல 2009-ல சொன்னது.

பார்ட்டியைக் கூண்டுல ஏத்தறதுக்கு முந்தின நாள் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுங்க. சொல்லிக் குடுக்கச் சொல்லல, கேள்வி எப்படி வரும்னு பழக்கி விடுங்க. நம்ம கோர்ட் க்ராஸ் (குறுக்கு விசாரணை) தமிழ் ஒரு தனி பாஷை. "நான் ஹெல்மெட் அணியாமல் அதிவேகமாகச் சென்றதால்தான் விபத்து நடந்தது என்று சொன்னால் சரியல்ல"ன்னு பதிவாகணும். ஆனா வக்கீல் கேக்கறப்ப, "நீங்க வேகமாத்தான போனீங்க, சரிங்களா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பார், நம்ம ஆளு பெரிய மனுஷன் கேக்கறார்னு மரியாதைக்கு "சரிங்க"ன்னு தலையாட்டிடுவார். முடிஞ்சது. எனக்கு ஒரு பால்காரர் இப்படித்தான் மூணு கேள்விக்கு வரிசையா "ஆமாங்க சாமி"ன்னார், வெளிய வந்து ஏன்யான்னு கேட்டா "எதுத்துப் பேசினா கோவிச்சுக்குவாங்கல்ல"ங்கறார். அன்னைல இருந்து நான் எல்லா பார்ட்டிகிட்டயும் சொல்றது, ஐயா, இல்லைங்கறதை இல்லைன்னு சொல்றது மரியாதைக் குறைவு இல்ல.

டிரைவருக்கு லைசென்ஸ் சரியில்லைன்னு இன்சூரன்ஸ் சொன்னா உடனே தோத்துட்டோம்னு நினைக்காதீங்க. லைட் மோட்டார் லைசென்ஸ்லயே 7,500 கிலோவுக்குள்ள இருக்கற டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல ரம்பா தேவி கேஸ்ல அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் சொல்லிடுச்சு. அது பொருந்தலைன்னாலும் ஸ்வரண் சிங் கேஸ் வழியா, முதல்ல இன்சூரன்ஸ் கட்டட்டும், அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு கேளுங்க.

லோக் அதாலத்ல செட்டில்மென்ட் பேசறாங்கன்னா கணக்கைக் கையில வச்சுக்கிட்டுப் போங்க. அங்க ஒத்துக்கிட்டா மேல அப்பீல் கிடையாது. அவசரப் பணம் தேவைப்படற பார்ட்டிக்கு அது நல்ல வழிதான், ஆனா "சீக்கிரம் முடிஞ்சா நமக்கும் ஃபீஸ் வரும்"னு உங்க மனசு பேசுதா, பார்ட்டி தேவை பேசுதான்னு ஒரு தரம் கேட்டுக்கங்க.

ஃபீஸ்

கசப்பான விஷயம், சொல்லித்தான் ஆகணும். வர்ற தொகைல இத்தனை பர்சன்ட்னு பேசறது பார் கவுன்சில் விதிப்படி தப்பு, 2017-ல சுனிதா கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே தொழில் ஒழுக்கக் கேடுன்னு சொல்லிடுச்சு, அதுவும் ஒரு விபத்து இழப்பீட்டு கேஸ்லதான் வந்தது. ஊர் பூரா என்ன நடக்குதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஃபீஸை ரூபாய்ல பேசி, எழுதி, ரசீது குடுங்க. ஆஸ்பத்திரி வார்டு பாய், ஆம்புலன்ஸ் டிரைவர் மூலமா கேஸ் பிடிக்கற புரோக்கர் வந்து "மாசம் பத்து கேஸ் தர்றேன் சார்"னா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுங்க, அந்தப் பத்துல ஒண்ணு போலியா இருந்தாலும் உங்க என்ரோல்மென்ட்டுக்கே ஆபத்து. வெத்துப் பேப்பர்ல, செக் புக்குல கையெழுத்து வாங்கி வைக்கற வேலையே வேணாம்.

தீர்ப்புக்கு அப்புறம்

அவார்டு வந்துடுச்சுன்னு பார்ட்டி லட்டு வாங்கிட்டு வருவார், ஆனா பணம் இன்னும் வரல. இன்சூரன்ஸ் ஹைகோர்ட்ல சிஎம்ஏ (மேல்முறையீடு) போடலாம், 90 நாள் டைம் இருக்கு. உங்களுக்கும் கம்மின்னு தோணினா நீங்களும் போடலாம், நம்ம ஆளுங்க பாதிப் பேர் மறந்துடறாங்க. யாரும் போடலைன்னா, கட்டவும் இல்லைன்னா, இ.பி. (அவார்டை நிறைவேத்தக் கேக்கற மனு) போடுங்க. அரசு பஸ் கேஸ்னா இதுதான் வழக்கமே, போக்குவரத்துக் கழக பஸ்ஸுக்குத் தனியா இன்சூரன்ஸ் கிடையாது, கழகமே கட்டணும், கட்டாம இழுத்தா பஸ்ஸையே ஜப்தி பண்ண கோர்ட் உத்தரவு போடும். கோர்ட் ஊழியரான அமீனா பஸ் ஸ்டாண்டுல போய் நோட்டீஸ் ஒட்டி, உக்காந்திருந்த பயணிங்களை இறக்கி விட்டு, பஸ்ஸை கோர்ட் வளாகத்துக்கு ஓட்டிட்டு வர்றதை பேப்பர்ல அடிக்கடி பாத்திருப்பீங்க. அந்த பயணிங்க நம்மளை முறைப்பாங்க, தாங்கிக்கணும்.

இப்ப பணம் நேரா பார்ட்டி பேங்க் அக்கவுன்ட்டுக்கே போகணும்னு வந்துட்டதால பாஸ்புக் காப்பி, ஆதார், பான் எல்லாம் பெட்டிஷன் போடறப்பவே வாங்கி ஃபைல்ல வச்சுடுங்க, ஆதார்ல இருக்கற பேரும் பாஸ்புக்ல இருக்கற பேரும் ஒரே இனிஷியலான்னு பாருங்க. அதோட ரெண்டு போன் நம்பர். ஒண்ணு அவரோடது, இன்னொண்ணு அவர் தெருவுல ரொம்ப வருஷமா இருக்கற மளிகைக் கடைக்காரரோடது. அவார்டு வர நாலஞ்சு வருஷம் ஆகும், அதுக்குள்ள அவர் சிம் மாத்தியிருப்பார், வீடு மாத்தியிருப்பார். பரோட்டா மாஸ்டரை நான் கண்டுபிடிச்சது அப்படி ஒரு மளிகைக் கடை நம்பர்லதான், "அவரு திருப்பூர் போயிட்டாரே, இருங்க, மச்சான் நம்பர் தர்றேன்"னாங்க.